பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. காத்திருப்பு மட்டும் ஏன் அதிகம்? நிறுத்தத்தில் கழியும் நேரத்தைக் கணக்கிடும் முறைகள்

புது தில்லி: பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து இயக்கப்படுவதாகக் கால அட்டவணை கூறும் வழித்தடத்தில், பயணிகள் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் நிறுத்தத்தில் நிற்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே இருக்கிறது. பயணிகளின் பொறுமையின்மையால் மட்டும் இந்த வேறுபாடு எழுவதில்லை. பேருந்துகள் ஒரே எண்ணிக்கையில் ஓடினாலும், அவை வரும் இடைவெளி சீர்குலைந்தால் காத்திருப்பு கூடும் என்பதைக் கணிதமே காட்டுகிறது.

நாட்டின் போக்குவரத்து நிறுவனங்கள் எத்தனை பேருந்துகள் ஓடின, எத்தனை கிலோமீட்டர் ஓடின, எத்தனை இருக்கைகள் நிரம்பின என்பதை நாள்தோறும் பதிவு செய்கின்றன. பயணி எத்தனை நிமிடம் நின்றார் என்பது அந்தப் பதிவேடுகளில் இடம்பெறுவதில்லை. வேலைக்குத் தாமதமானால் அரை நாள் ஊதியத்தை இழப்பவர், இரவுப் பணி முடித்து ஆளில்லா நிறுத்தத்தில் நிற்கும் பெண், நிழற்குடை இல்லாத சாலையோரத்தில் கோடை வெயிலைத் தாங்கும் முதியவர் ஆகியோருக்கு அந்த நிமிடங்களே பயணத்தின் கடினமான பகுதி. பல நாடுகளில் போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடும்போது, வண்டிக்குள் செலவாகும் ஒரு நிமிடத்தைவிட நிறுத்தத்தில் செலவாகும் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு மதிப்பு அளிக்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

எளிய கணக்கு: இடைவெளியில் பாதி

அடுத்தடுத்த இரு பேருந்துகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பாதியே சராசரிக் காத்திருப்பு என்பது பழைய விதி. பத்து நிமிட இடைவெளியில் பேருந்து புறப்பட்டவுடன் வந்து சேர்பவர் முழுமையாகப் பத்து நிமிடம் நிற்பார். அடுத்த பேருந்து வரும் தறுவாயில் வருபவர் நிற்கவே மாட்டார். இடையில் வருபவர்கள் இவ்விரு எல்லைகளுக்குள் பரவியிருப்பர் என்பதால் சராசரி ஐந்து நிமிடம் ஆகிறது.

இந்த விதி மூன்று நிபந்தனைகளைச் சார்ந்தது. முதலாவது, பயணிகள் கால அட்டவணையைப் பார்க்காமல் தங்களுக்குத் தோதான நேரத்தில் நிறுத்தத்துக்கு வர வேண்டும். இரண்டாவது, பேருந்துகள் சீரான இடைவெளியில் வர வேண்டும். மூன்றாவது, முதலில் வரும் பேருந்திலேயே அனைவரும் ஏற முடிய வேண்டும். தனித் தண்டவாளத்தில் ஓடும் மெட்ரோ ரயிலில் இந்த நிபந்தனைகள் பெருமளவு பொருந்துகின்றன. நெரிசல் மிகுந்த சாலையில் பிற வாகனங்களுடன் ஓடும் பேருந்தில் இரண்டாவதும் மூன்றாவதும் அடிக்கடி பொய்த்துப் போகின்றன.

இடைவெளி சீராக இல்லாவிட்டால்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு வழித்தடத்தில் மணிக்கு ஆறு பேருந்துகள் ஓடுகின்றன. அவை பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வராமல், 18 நிமிட இடைவெளிக்குப் பின் ஒன்றும், அதைத் தொடர்ந்து 2 நிமிடத்தில் மற்றொன்றும் என மாறி மாறி வருகின்றன. இயக்கப்பட்ட பேருந்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. சராசரி இடைவெளியும் பத்து நிமிடமாகவே உள்ளது. கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டில் சேவைக்குக் குறை ஏதும் தென்படாது.

பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 18 நிமிடம் நீண்ட இடைவெளிக்கு உரியது. எனவே பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் அந்த நீண்ட இடைவெளியிலேயே நிறுத்தத்துக்கு வந்து சேர்கின்றனர். அவர்களின் சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். எஞ்சிய ஒருவர் மட்டுமே சராசரியாக 1 நிமிடத்தில் பேருந்தைப் பிடிக்கிறார். அனைவரையும் சேர்த்தால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம். ஒரு பேருந்துகூடக் குறையாமலேயே காத்திருப்பு 64 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது.

இரண்டு பேருந்துகளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தால் இடைவெளி 20 நிமிடம், சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். அதாவது, வழித்தடத்தில் பாதிப் பேருந்துகளை நிறுத்திவிட்டதற்கு ஒப்பான நிலை.

புள்ளியியலில் இது காத்திருப்பு முரண் என்று அறியப்படுகிறது. நீண்ட இடைவெளி அதிகம் பேரைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது என்பதே இதன் சாரம். கணக்கிடும் முறையும் எளிதுதான். ஒவ்வோர் இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தத் தொகையை, எல்லா இடைவெளிகளின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 18 பெருக்கல் 18, 2 பெருக்கல் 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 328. அதை 40 ஆல் வகுத்தால் 8.2.

கூட்ட நெரிசலுக்கும் இதே கணக்கு பொருந்தும். நிமிடத்துக்கு மூவர் வீதம் 20 நிமிடத்தில் 60 பேர் வந்தால், நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் பேருந்தில் 54 பேரும், உடனே தொடர்ந்து வருவதில் 6 பேரும் ஏறுவர். பதிவேட்டின்படி பேருந்துக்குச் சராசரியாக 30 பேர். ஆனால் 60 பயணிகளில் 54 பேர் அன்று கண்டது நெரிசலான பேருந்தையே. பேருந்துகள் காலியாக ஓடுவதாக நிர்வாகமும், நிற்கவே இடமில்லை எனப் பயணிகளும் ஒரே வழித்தடத்தைப் பற்றிக் கூறும்போது இரு தரப்பும் உண்மையையே கூறுவதாக இருக்கலாம்.

பேருந்துகள் ஏன் சேர்ந்து வருகின்றன?

ஓட்டுநர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாக வருவதாகப் பயணிகள் கருதுவது உண்டு. உண்மையில், யாரும் திட்டமிடாமலேயே இது நிகழும். சிக்னலிலோ நெரிசலிலோ ஒரு பேருந்து இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காக வழக்கத்தைவிட அதிகமானோர் காத்திருப்பர். அவர்கள் ஏறி இறங்க அதிக நேரம் ஆவதால் தாமதம் வளரும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஆட்கள் குறைவு. அது விரைவாகப் புறப்பட்டு முன்னதை நெருங்கும். சில நிறுத்தங்களுக்குள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1964-ஆம் ஆண்டிலேயே இந்தப் போக்கைக் கணித முறையில் விளக்கினர்.

எனவே இடைவெளியைச் சீராக்க, நிறுத்தத்தில் பேருந்து நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒரு முக்கிய வழி. 2009-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட ஜன்மார்க் விரைவுப் பேருந்துச் சேவையில் தனிப் பாதையும், பேருந்தின் தள உயரத்துக்கு இணையான நிலைய மேடையும், ஏறுவதற்கு முன்பே சீட்டு பெறும் வசதியும் அமைக்கப்பட்டது இந்த வகையில் பயன் தருவது. முன்னால் செல்லும் பேருந்தை நெருங்கிவிட்ட வண்டியை ஓரிரு நிமிடம் நிறுத்தி வைத்து அனுப்புவது மற்றொரு வழி. அதற்குக் கட்டுப்பாட்டு அறை ஒவ்வொரு பேருந்தின் இருப்பிடத்தையும் அந்த நேரத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

நிறுத்தத்தில் நின்று கணக்கெடுத்தல்

காத்திருப்பை அளவிடும் நேரடி முறை, நிறுத்தத்தில் ஒருவரை நிறுத்திப் பயணிகள் வரும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் குறித்துக்கொள்வது. கூட்டம் அதிகமானால் ஒவ்வொருவரையும் பின்தொடர்வது இயலாது. அங்கு உதவுவது, அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி. நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கையை, அவர்கள் வந்து சேரும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைத்துவிடும் என்கிறது அது.

நிமிடத்துக்கு ஒரு முறை தலைகளை எண்ணியதில் சராசரியாக 12 பேர் நிற்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தம் 90 பேர் வந்தார்கள் என்றால், 12-ஐ 90 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்க வேண்டும். விடை 8 நிமிடம். எவரையும் தனித்தனியே அடையாளம் காணத் தேவையில்லை. கைக்கடிகாரமும் குறிப்பேடும் கொண்டு கல்லூரி மாணவர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும்கூடச் செய்யக்கூடிய கணக்கெடுப்பு இது.

பயணிகளிடமே கேட்டறிவதும் உண்டு. எனினும், நின்ற நேரத்தை மிகுத்து உணர்வது மனித இயல்பு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், பேருந்து எப்போது வரும் என்ற உடனடித் தகவல் இல்லாதவர்கள் தாங்கள் நின்றதைவிட அதிக நேரம் நின்றதாக உணர்ந்தது தெரியவந்தது. உடனடித் தகவல் பெற்றவர்களிடம் அந்த மிகையுணர்வு காணப்படவில்லை. அவர்கள் உண்மையில் நின்ற நேரமும் ஏறக்குறைய 2 நிமிடம் குறைந்திருந்தது.

ஜிபிஎஸ் தரவும் பயணச்சீட்டும்

இன்று பெரிய அளவில் காத்திருப்பைக் கணக்கிட உதவுவது பேருந்துகளில் பொருத்தப்படும் ஜிபிஎஸ் கருவி. பொதுச்சேவை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர உதவிப் பொத்தானும் இருக்க வேண்டும் என்ற விதி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016-இல் சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய வாகனங்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. பெண்களின் பாதுகாப்பை முதன்மையாகக் கருதிக் கொண்டுவரப்பட்ட இந்த ஏற்பாடு, ஒவ்வொரு நிறுத்தத்தையும் பேருந்து கடந்த நேரத்தையும் பதிவு செய்ய வழிவகுத்தது. அந்த நேரங்களிலிருந்து இடைவெளிகளைப் பிரித்தெடுத்து, மேலே கூறிய முறையில் காத்திருப்பைக் கணக்கிடலாம்.

இத்தகைய தரவை யார் வேண்டுமானாலும் ஆராயும் வகையில் வெளியிட்டதில் தில்லி முன்னோடிகளில் ஒன்று. 2018-இல் தில்லி அரசின் போக்குவரத்துத் துறையும் இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து திறந்த போக்குவரத்துத் தரவுத் தளத்தைத் தொடங்கின. அதே ஆண்டில் கொச்சி மெட்ரோவும் தன் கால அட்டவணைத் தரவைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. உலக அளவில் ஜிடிஎஃப்எஸ் எனப்படும் பொது வடிவமே இத்தகைய தரவுகளுக்குப் பயன்படுகிறது.

பயணச்சீட்டுத் தரவின் இயல்பு வேறு. மெட்ரோ நிலையத்தில் நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் வாயிற்கதவில் பதிவாகின்றன. அதிலிருந்து நடக்கும் நேரத்தையும் ரயில் ஓடும் நேரத்தையும் கழித்தால் காத்திருப்பைத் தோராயமாக அறியலாம். பேருந்தில் நடத்துநர் சீட்டு வழங்குவது பயணி ஏறிய பிறகு. தில்லியில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்கு வழங்கப்பட்ட இளஞ்சிவப்புக் கட்டணமில்லாச் சீட்டும் அப்படித்தான். எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்பதை அது சொல்லும். ஏறுவதற்கு முன் அவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைச் சொல்லாது.

செயலி காட்டும் நேரம் எப்படிக் கணிக்கப்படுகிறது?

பெங்களூருவில் ‘நம்ம பிஎம்டிசி’, மும்பையின் பெஸ்ட் பேருந்துகளுக்குச் ‘சலோ’ எனப் பல நகரங்களில் செயலிகள் பயன்பாட்டில் உள்ளன. பேருந்து தற்போது எங்குள்ளது, நிறுத்தத்துக்கு எவ்வளவு தொலைவு, அந்தச் சாலைப் பகுதியைக் கடக்க அதே கிழமையில் அதே வேளையில் வழக்கமாக எவ்வளவு நேரமாகிறது, சற்று முன் சென்ற பேருந்து எவ்வளவு நேரம் எடுத்தது ஆகியவற்றைக் கொண்டு இத்தகைய கணிப்புகள் உருவாக்கப்படுகின்றன. இருசக்கர வாகனம் முதல் லாரி வரை ஒரே சாலையில் செல்லும் இந்தியச் சூழலுக்கு ஏற்ற கணிப்பு முறையை, பேருந்துகளின் ஜிபிஎஸ் தரவைக் கொண்டு சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டனர்.

பேருந்து தொலைவில் இருக்கும்போது கணிப்பில் பிழை அதிகம். நெருங்க நெருங்கக் குறையும். கருவி செயலிழந்தாலோ இணைப்பு கிடைக்காவிட்டாலோ, சில செயலிகள் கால அட்டவணை நேரத்தையே காட்டக்கூடும். நேரலைத் தகவலையும் அட்டவணை நேரத்தையும் வேறுபடுத்திக் காட்டாத செயலி, வராத பேருந்துக்காகப் பயணியைக் காத்திருக்க வைத்துவிடும்.

கணக்கில் விடுபடுவோர்

எந்த முறையிலும் சிலர் விடுபட்டுப் போகிறார்கள். முதலாவது, நிரம்பிய பேருந்தில் ஏற முடியாதவர்கள். பத்து நிமிட இடைவெளியில் சீராக வரும் பேருந்தில் பத்தில் மூவர் ஏற முடியாமல் அடுத்ததில் செல்ல நேர்ந்தால், சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாக உயரும். ஜிபிஎஸ் தரவு மட்டும் பார்ப்பவருக்கு அது 5 நிமிடமாகவே தெரியும்.

இரண்டாவது, காத்திருந்து சலித்து ஷேர் ஆட்டோவிலோ இரு சக்கர வாகனத்திலோ சென்றுவிடுபவர்கள். அவர்கள் சீட்டு வாங்குவதில்லை. எனவே தரவில் இல்லை. மிக நீண்ட நேரம் நின்றவர்களே இவ்வாறு வெளியேறுவதால், எஞ்சியவர்களைக் கொண்டு கணக்கிடும் சராசரி உண்மையைவிடக் குறைவாக அமையும். ஒரு வழித்தடத்தில் பயணிகள் குறைந்துவிட்டதாகக் கூறிச் சேவையைக் குறைப்பதற்கு முன் இந்தக் கூறைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சிக்கல் எதிர்த்திசையில் செயல்படுவது. ஒரே சாலையில் செல்லும் இரண்டு வழித்தடப் பேருந்துகளில் எது வந்தாலும் ஏறக்கூடிய பயணிக்கு, ஒரு வழித்தடத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டால் காத்திருப்பு மிகையாகத் தோன்றும். இரண்டும் 20 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று 10 நிமிட வேறுபாட்டில் இயக்கப்பட்டால் காத்திருப்பு 5 நிமிடம். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் அதே பேருந்துகளுக்கு 10 நிமிடம். அட்டவணைகளை ஒருங்கிணைப்பதால் மட்டுமே, கூடுதல் செலவின்றிக் காத்திருப்பைப் பாதியாக்க முடியும்.

மணிக்கு ஒரு பேருந்து வரும் ஊர்களில்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேருந்து வரும் கிராமப்புற வழித்தடத்துக்கு ‘இடைவெளியில் பாதி’ என்ற விதி பொருந்தாது. அங்கு எவரும் அரை மணி நேரம் நிற்பதற்காக வருவதில்லை. நேரத்தைத் தெரிந்துகொண்டு சற்று முன்னதாக வருகின்றனர். அங்கு சேவையின் தரத்தை முடிவு செய்வது நேரந்தவறாமை. ஒன்பது மணிப் பேருந்துக்காக 8.50-க்கு வருபவர், பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் 20 நிமிடம் நிற்பார். அதே பேருந்து 8.48-க்கே சென்றுவிட்டால் பத்து மணி வரை 70 நிமிடம் நிற்க நேரிடும். இத்தகைய வழித்தடங்களில் தாமதமாக வருவதைவிட முன்கூட்டியே புறப்படுவது பெரிய குறை.

இந்தியாவின் அளவுகோல்

காத்திருப்பை அளவிட வேண்டும் என்பது இந்தியாவுக்குப் புதிய கருத்தன்று. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட நகரப் போக்குவரத்துச் சேவைத் தர அளவுகோல்களில் பயணிகளின் சராசரிக் காத்திருப்பு நேரமும் ஒன்று. 4 நிமிடம் வரை முதல் நிலை; 4 முதல் 6 வரை இரண்டாம் நிலை; 6 முதல் 10 வரை மூன்றாம் நிலை; 10 நிமிடத்துக்கு மேல் சென்றால் கடைசியான நான்காம் நிலை. நடைமுறையில், மாநிலப் போக்குவரத்துக் கழகங்களின் செயல்பாடு குறித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டுவரும் ஆய்வறிக்கைகள் வாகனப் பயன்பாடு, ஓடிய கிலோமீட்டர், இருக்கை நிரம்பும் விகிதம் போன்றவற்றையே மையமாகக் கொண்டுள்ளன.

லண்டனில் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பேருந்துகள் ஓடும் வழித்தடங்களுக்குக் ‘கூடுதல் காத்திருப்பு நேரம்’ என்ற அளவு பயன்படுகிறது. உண்மைக் காத்திருப்பிலிருந்து, அட்டவணைப்படி இருந்திருக்க வேண்டிய காத்திருப்பைக் கழித்தால் கிடைப்பது அது. முன்னர் பார்த்த எடுத்துக்காட்டில் 8.2-இலிருந்து 5-ஐக் கழித்தால் 3.2 நிமிடம். பேருந்தை இயக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும் இந்த அளவைச் சார்ந்தே அமைகின்றன. சிங்கப்பூரும் 2014 முதல் இதே அளவைச் சோதனை முறையில் நடைமுறைப்படுத்தியது.

இந்தியாவிலும் இதற்கான தருணம் வந்துள்ளது. 57,613 கோடி ரூபாய் மதிப்பில் 10,000 மின்சாரப் பேருந்துகளை இயக்கும் பிரதமரின் இ-பஸ் சேவைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. இயக்கப்படும் கிலோமீட்டரின் அடிப்படையில் நிதியுதவி வழங்குவது இத்திட்டத்தின் முறை. புதிய பேருந்துகள் எண்ணிக்கையை உயர்த்தும். அவை சீரான இடைவெளியில் வருகின்றனவா என்பதைக் கிலோமீட்டர் கணக்கு காட்டாது. இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினாலும் கிலோமீட்டர் குறைவதில்லை.

பயணி தாமே கணக்கிட

வழக்கமாகச் செல்லும் நிறுத்தத்தில் பத்து நாள்கள் தாம் வந்து சேர்ந்த நேரத்தையும் பேருந்தில் ஏறிய நேரத்தையும் குறித்துவைத்தால், தம் காத்திருப்பை ஒருவர் நம்பகமாக அறிய முடியும். பத்து எண்களின் சராசரி பொதுவான நிலையைக் காட்டும். ஆனால் வீட்டிலிருந்து எப்போது புறப்படுவது என்பதை முடிவு செய்ய அந்தப் பத்தில் மிக நீண்டதையே பார்க்க வேண்டும். சராசரியை நம்பிப் புறப்படுபவர் பல நாள்கள் தாமதமாகவே சென்று சேர்வார்.

சராசரிக்கும் மிக நீண்ட காத்திருப்புக்கும் உள்ள வேறுபாட்டை நிமிடங்களில் குறித்து அளிக்கும்போது, போக்குவரத்துக் கழகத்திடம் அளிக்கும் புகாருக்கு வலுச் சேரும். ‘பேருந்து சரியாக வருவதில்லை’ என்ற குறையைவிட, ‘காலை 8 முதல் 9 வரை பத்து நாள்களில் நான்கு நாள்கள் 20 நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தது’ என்ற குறிப்பைக் கட்டுப்பாட்டு அறையின் ஜிபிஎஸ் பதிவுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். மறுப்பதாயினும் அதே பதிவைக் காட்டியே மறுக்க வேண்டியிருக்கும்.